ஓ.டி.யை லோன் எடுத்து அடைப்பது: எப்போது சரி, எப்போது குழி

யாழ்ப்பாணத்தில் கணவர் கடை வைத்திருப்பார், மனைவி பாடசாலையிலோ ஆஸ்பத்திரியிலோ கச்சேரியிலோ (மாவட்டச் செயலகம்) வேலை செய்வார், அப்படியான வீடுகள் நிறைய. எங்கள் வீடும் அதில் ஒன்று. கடைக்கு ஒரு நடைமுறைக் கணக்கு, அதில் ஒரு ஓ.டி. (ஓவர்ட்ராஃப்ட், தமிழில் மேலதிகப்பற்று), என் சம்பளத்துக்கு ஒரு சேமிப்புக் கணக்கு. ஓ.டி. மூச்சு முட்டத் தொடங்கியதும் சொந்தக்காரரோ வங்கியில் இருக்கும் தெரிந்தவரோ ஒரு யோசனை சொல்வார்: “டீச்சரின்ர பேரில ஒரு பேர்சனல் லோன் எடுத்து எல்லாத்தையும் ஒரேயடியா அடைச்சுப்போட்டு, மாதாமாதம் சம்பளத்தில கழியவிடுங்கோவன்.” யோசனையில் பிழை இல்லை. ஆனால் எந்த நிலைமையில் இது கைகொடுக்கும், எந்த நிலைமையில் இருக்கிற கடனை இரட்டிப்பாக்கும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. நாங்கள் இதை இரண்டு முறை செய்தோம், 2019 இல் பிழையாக, 2024 இல் பெரும்பாலும் சரியாக. பாடசாலையில் நான் படிப்பிப்பது வர்த்தகமும் கணக்கீடும், மேலதிகப்பற்று என்ற சொல்லை வங்கிக் கணக்கிணக்கக் கூற்றில் எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆனாலும் அந்தக் கடன் ஒரு வீட்டுக்குள் எப்படி நடந்துகொள்கிறது என்று பாடப்புத்தகத்தில் இல்லை, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஓ.டி. என்பது என்ன மாதிரிக் கடன் என்று பார்ப்போம். கணக்கில் காசு இல்லாதபோதும் ஒரு எல்லை வரை செக் எழுத வங்கி அனுமதிக்கிறது. ஒவ்வொரு நாள் முடிவிலும் கணக்கு எவ்வளவு மறையில் நிற்கிறதோ அந்தத் தொகைக்கு வட்டி கணக்கிட்டு, மாத முடிவில் கணக்கிலேயே பற்று வைப்பார்கள். அந்த வட்டியை நீங்கள் காசாகக் கட்டாவிட்டால் அதுவும் கடனோடு சேர்ந்துவிடும், அடுத்த மாதம் வட்டிக்கும் வட்டி. இதில் தவணை கிடையாது, முதலைக் குறைக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை, வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஆனால் வங்கி விரும்பினால் கேட்ட உடனே முழுவதையும் திருப்பித் தரச் சொல்லும் உரிமை அதற்கு இருக்கிறது. வெளியில் இருந்து வரும் எந்தக் காசும் கணக்குக்குள் விழுந்ததும் முதலில் அந்தக் கிடங்கை நிரப்பத்தான் போகும். கனடாவிலிருந்து அண்ணா அம்மாவின் கண் ஒப்பரேஷனுக்கு அனுப்பிய காசை என் கணவருடைய கடைக் கணக்குக்கு அனுப்பச் சொன்னோம், இரண்டு நாளில் பழைய செக்குகள் வந்து அதை எடுத்துக்கொண்டன, ஒப்பரேஷனுக்கு என் வளையலை அடைவு வைத்தோம்.

இதற்காக ஓ.டி. கெட்டது என்று சொல்ல வரவில்லை. வியாபாரத்துக்கு அதைப்போல வசதியான கடன் வேறு இல்லை. எங்கள் கடை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகப் பக்கம், போட்டோகொப்பியும் எழுதுகருவிகளும். பாடசாலை தொடங்கும் காலத்துக்கு முன் கொழும்பு புறக்கோட்டையிலிருந்து கொப்பிகள் இறக்க வேண்டும், விற்றுக் காசு வர ஒன்றரை மாதம் ஆகும். அந்த ஒன்றரை மாதத்துக்கு மட்டும் மூன்று இலட்சம் எடுத்துவிட்டுத் திருப்பிப் போட்டால் அந்த நாட்களுக்கு மட்டும்தான் வட்டி. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளுக்காகச் சரக்கு எடுக்கும் கடைக்காரருக்கும், தீபாவளிக்கு உடுப்பு இறக்குபவருக்கும் இதுதான் பொருந்தும். அந்த வேலைக்குப் பேர்சனல் லோன் எடுத்தால், சரக்கு விற்று முடிந்த பிறகும் வருடக்கணக்கில் வட்டி கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

அப்படியென்றால் எந்த ஓ.டி.யை லோனாக மாற்றுவது? இதற்கு நான் கண்டுபிடித்த ஒரே நம்பகமான வழி, வங்கியில் கடைசிப் பன்னிரண்டு மாதக் கணக்குக்கூற்றை அச்சடித்து வாங்கி, ஒரு சிவப்புப் பேனாவோடு உட்காருவது. ஒவ்வொரு மாதமும் கணக்கு ஆகக் குறைந்த அளவு மறையில் நின்ற நாளைத் தேடுங்கள், அதாவது நிலைமை ஆக நன்றாக இருந்த நாள். வருடத்தில் சில தடவையாவது கணக்கு பூச்சியத்தைத் தொட்டு நேர்ப்பக்கம் வந்திருந்தால் உங்கள் ஓ.டி. உயிரோடு வேலை செய்கிறது, அதைத் தொடாதீர்கள். 2024 இல் எங்கள் கூற்றைப் பார்த்தபோது எல்லை ஐந்து இலட்சம், கணக்கு மூன்று இலட்சத்துக்கும் நாலு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் இடையில் மறையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, ஒரு நாள் கூட மூன்று இலட்சத்துக்குக் கீழே போகவில்லை. அந்த மூன்று இலட்சம் சரக்குக்கான காசே இல்லை. அது என்றோ செலவழிந்து முடிந்த காசு, கிணற்றின் அடியில் படிந்த சேறு மாதிரி, மேலே தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் அது அங்கேயே இருக்கும். லோனாக மாற்ற வேண்டியது அந்த அடிச்சேற்றை மட்டும்தான். மேலே ஏறி இறங்கும் ஒன்றே முக்கால் இலட்சமோ எவ்வளவோ, அதற்கு ஓ.டி.தான் சரியான பாத்திரம்.

2019 இல் இந்த வித்தியாசம் எங்களுக்குப் புரியவில்லை. அப்போது எல்லை நாலு இலட்சம், முழுவதும் நிரம்பி நின்றது. என் பெயரில் ஐந்து வருடத்துக்கு நாலு இலட்சம் எடுத்து ஓ.டி.யைப் பூச்சியமாக்கினோம். அன்று வீட்டில் பாயாசம். வங்கியில் ஓர் உத்தியோகத்தர் மிகவும் அன்பாகச் சொன்னார், “லிமிட்டை அப்படியே விடுங்கோ டீச்சர், அவசரத்துக்கு உதவும்.” நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம். உண்மையில் எங்களிடம் இப்போது இருந்தது நாலு இலட்சம் லோனும், நாலு இலட்சத்துக்கு வாய் திறந்திருக்கும் ஒரு பைப்பும். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலையும் பல்கலைக்கழகமும் மூடப்பட்டன. போட்டோகொப்பிக் கடைக்கு மாணவர் வராவிட்டால் வேறு யார் வருவார்கள்? வாடகை, கரண்ட் பில், வேலைப்பெடியனின் சம்பளம், எல்லாம் மீண்டும் அந்தப் பைப்பால் போனது. வருடம் முடிவதற்குள் ஓ.டி. பழையபடி நிரம்பிவிட்டது, பிறகு எல்லையை ஐந்தாகக் கூட்டினார்கள். லோன் தவணையும் இருக்கிறது, ஓ.டி.யும் இருக்கிறது.

அதன்பிறகு வந்த 2022 ஐ எல்லோருக்கும் தெரியும். அந்த வருடம் மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள், அப்போது ஒரு கட்டுக் கடதாசிக்காக இவர் எத்தனை பேருக்குப் போன் எடுத்திருப்பார் என்று சொல்ல முடியாது. அதுவரை அறுபது நாள் செக்குக்குச் சரக்குத் தந்த மொத்த வியாபாரிகள் கையில் காசு என்றால் மட்டும் தருவோம் என்றார்கள். ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 புள்ளிகள் கூட்டியது, வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வீதம் 7.5 இலிருந்து 14.5 ஆனது. ஓ.டி. வட்டி பெரும்பாலும் சந்தையோடு மாறும் வட்டி. அதனால் கொழும்பில் ஒரு முடிவு எடுத்த சில கிழமைகளுக்குள் திருநெல்வேலியில் எங்கள் கணக்கில் ஒவ்வொரு மாத முடிவிலும் எழும் வட்டித்தொகை முன்பிருந்ததைவிட இரண்டு மடங்கானது. லோன் வட்டி நிலையானதாக எழுதப்பட்டிருந்ததால் தவணை மாறவில்லை, அது ஒரு அதிர்ஷ்டம். மாறும் வட்டியில் எடுத்திருந்த என் சக ஆசிரியை ஒருவருக்குத் தவணையும் ஏறியது. கையெழுத்து வைக்குமுன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள், வட்டி முழுக்காலத்துக்கும் நிலையானதா, இல்லை இடையில் திருத்துவீர்களா என்று.

பிறகு 2023 ஜூனிலிருந்து கொள்கை வட்டி படிப்படியாக இறங்கியது. 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி சில கடன்களுக்கு உச்ச வரம்பும் போட்டது: நகை அடைவுக்கு 18 வீதம், முன்கூட்டியே ஒழுங்குசெய்த தற்காலிக மேலதிகப்பற்றுக்கு 23, கடனட்டைக்கு 28. இந்த மூன்று இலக்கங்களையும் நான் இங்கே எழுதுவதற்குக் காரணம், ஒரு வீட்டின் கடன்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்பதை இவை காட்டுகின்றன. எல்லாவற்றையும் “கடன்” என்று ஒரே கொப்பியில் எழுதி, மொத்தத்தைக் கூட்டி, அந்த மொத்தத்துக்கு லோன் கேட்பதுதான் எல்லோரும் செய்வது. அதுதான் முதல் பிழை.

எங்கள் கொப்பியைக் கொஞ்சம் முழு எண்ணாக்கித் தருகிறேன். ஓ.டி. அடிச்சேறு 3 இலட்சம், 20 வீதம், மாத வட்டி 5,000 ரூபா. கடனட்டை ஒன்றரை இலட்சம், உச்ச வரம்பான 28 இலேயே கணக்கிட்டால் 3,500. கடதாசி வாங்கக் கையில் காசு தேவைப்பட்டபோது தெரிந்த ஒருவரிடம் எடுத்த ஒரு இலட்சம், ஐந்து வட்டி, அதாவது மாதம் நூற்றுக்கு ஐந்து, இன்னொரு 5,000. மூன்றும் சேர்ந்து ஐந்தரை இலட்சம் கடன், மாதம் 13,500 வட்டி. இதைக் கட்டினால் கடன் ஒரு ரூபாவும் குறையாது, இன்னும் மூன்று வருடம் கட்டினாலும் 4,86,000 ரூபா வட்டியாகப் போயிருக்கும், ஐந்தரை இலட்சம் அப்படியே நிற்கும்.

இதே ஐந்தரை இலட்சத்தை 16 வீதத்துக்கு, குறைந்து செல்லும் மீதியில் (மிச்சமிருக்கும் முதலுக்கு மட்டும் வட்டி), ஐந்து வருட லோனாக எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 13,375 ரூபா. இப்போது வெறும் வட்டியாகக் கட்டும் தொகையைவிட 125 ரூபா குறைவு, அறுபதாவது மாதம் கடனே இல்லை. இந்தக் கணக்கை முதல் தடவை போட்டபோது கல்குலேட்டரை மூன்று தடவை அழுத்திப் பார்த்தேன். அதே காசு, அதே மாதம், ஒன்றுக்கு முடிவு இருக்கிறது, மற்றதுக்கு இல்லை. லோனின் உண்மையான பெறுமதி இந்த முடிவுத் திகதியில் இருக்கிறது. வட்டி குறைவது நல்லதுதான், ஆனால் வட்டி குறைந்த ஓ.டி. ஒன்று கிடைத்தாலும் அதற்கு முடிவு வராது.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து வருடத்தில் மொத்த வட்டி சுமார் 2,52,500 ரூபா. மூன்று வருடத்தில் எடுத்தால் தவணை 19,336, ஆனால் மொத்த வட்டி 1,46,000 தான். ஒரு இலட்சத்துக்கு மேல் வித்தியாசம். நாங்கள் நாலு வருடம் எடுத்தோம், 15,587 ரூபா, இப்போதைய வட்டிச் செலவைவிட இரண்டாயிரத்துச் சொச்சம் கூட, அது எங்களால் முடிந்த உச்சம். தவணை குறைவாக இருக்கிறதே என்று ஏழு வருடத்துக்குப் போகச் சொல்லும்போது, பிள்ளை ஓ.எல். படிக்கும் காலத்தில் எடுத்த கடன் அவள் கம்பஸ் முடிக்கும்வரை வரும் என்று வயதுக் கணக்கில் யோசித்துப் பாருங்கள்.

ஐந்து வட்டியைக் கவனித்தீர்களா? தொகையில் அது ஐந்தரையில் ஒன்று, வட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வருடத்துக்கு 60 வீதம். வங்கி கேட்ட தொகை முழுவதும் தராவிட்டால், இரண்டு இலட்சம்தான் தருவோம் என்றால், முதலில் இதைத் தூக்குங்கள், பிறகு கடனட்டை, கடைசியில் ஓ.டி. பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள், காரணம் வங்கியைக் கண்டால் பயம், தெரிந்த ஆள் என்றால் கதைத்துச் சமாளிக்கலாம் என்ற நினைப்பு. பத்து வட்டியும் மீற்றர் வட்டியும் வாங்கி மாட்டிய குடும்பங்களின் கதை வடக்குச் செய்திகளில் எவ்வளவு வந்துவிட்டது, அங்கே கதைத்துச் சமாளிப்பதற்கு எதுவும் இல்லை. லோன் கிடைக்க வழியே இல்லாதவர்கள் கூட, வீட்டில் நகை இருந்தால் அதை ஒரு வங்கியில் அடைவு வைத்து அந்த ஐந்து வட்டியை அடைப்பது கணக்கில் நல்ல முடிவு. நகை மீட்க நாள் பிடிக்கும் என்று மனம் அடிக்கும், ஆனால் அறுபதுக்கும் பதினெட்டுக்கும் உள்ள தூரம் அந்த மனக் கஷ்டத்துக்குச் சம்பளம் தரும்.

அப்போது லோனுக்குள் எதைப் போடக்கூடாது? நகை அடைவு லோன் வட்டிக்குக் கிட்டத்தான் இருக்கும், ஏலத் திகதி நெருங்கினால் தவிர அவசரமில்லை. தங்க விலை ஏறும்போது அதே நகைக்கு இன்னும் காசு தரலாம் என்று சொல்வார்கள், அந்த வாசலில் நிற்காமல் வந்துவிடுங்கள். கடைக்கொப்பிக் கடனுக்கும் சொந்தக்காரர் கைமாற்றாகத் தந்ததற்கும் வட்டி இல்லை, பூச்சிய வட்டிக் கடனை 16 வீதக் கடனால் அடைப்பது கணக்கில் நட்டம். ஆனால் மாமி தந்த காசு அவருடைய மகளின் கல்யாணத்துக்குத் தேவைப்படுகிறது என்றால் கணக்கை மூடி வைத்துவிட்டு அதை அடையுங்கள். சீட்டு வேறு மாதிரி. இருபது பேர் பத்தாயிரம் ரூபாச் சீட்டு, இரண்டாம் மாதமே நாற்பதாயிரம் கழிவுக்கு எடுத்தீர்கள் என்றால் உங்கள் கையில் வந்தது ஒரு இலட்சத்து அறுபதாயிரம். வட்டி அந்தக் கழிவிலேயே முடிந்துவிட்டது. மிச்சத் தவணைகளை லோன் எடுத்து முன்கூட்டிக் கட்டினால் ஒரு சதமும் மிஞ்சாது, ஒரே காசுக்கு இரண்டு தடவை வட்டி கட்டுவீர்கள். சீட்டைச் சீட்டாகவே கட்டி முடியுங்கள்.

இங்கே ஒரு கேள்வி வரும், பாடசாலையில் பெற்றோர் சொல்லியும் கேட்டிருக்கிறேன்: கடனை அடைக்கக் கடன் எடுத்துத்தானே எங்கள் சனம் அழிந்தது? உண்மை. யுத்தம் முடிந்த பிறகு 2009 க்குப் பின் வங்கிகளும் லீசிங் கொம்பனிகளும் நுண்நிதி நிறுவனங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வடக்குக்கு வந்தன. கிழமை லோன் எடுத்த பெண்கள் அதைக் கட்ட இன்னொரு கிழமை லோன், அதைக் கட்ட மூன்றாவது. 2018 செப்டெம்பரில் ஐ.நா. சுயாதீன நிபுணர் குவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி இலங்கைக்கு வந்தபோது சில நுண்கடன்களின் வட்டி 220 வீதம் வரை போவதைக் குறிப்பிட்டார். அந்த வருடமே வடக்கு உட்பட வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் தவணை தவறிய பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது, உரிமம் பெற்ற நுண்நிதி நிறுவனங்களுக்கு வருட வட்டி உச்சம் 35 வீதம் என்றும் ஆனது.

அந்தச் சங்கிலிக்கும் நான் இங்கே சொல்வதுக்கும் வித்தியாசம் எங்கே என்று கேட்டால், புதுக் கடன் வந்த அன்றே பழைய கடன் செத்துவிட வேண்டும், வட்டியும் கடன்களின் எண்ணிக்கையும் குறைய வேண்டும். கிழமை லோன் சங்கிலியில் புதுக் கடன் பழைய கடனின் ஒரு தவணையைத்தான் கட்டியது, பழையது உயிரோடே இருந்தது. எங்கள் 2019 லோனும் கிட்டத்தட்ட அதுதான், ஓ.டி. வாய் திறந்தே இருந்ததால் எங்கள் கடன் கணக்குகளின் எண்ணிக்கை ஒன்றிலிருந்து இரண்டானது.

ஆகவே 2024 இல் லோன் பணம் கைக்கு வருமுன்பே முகாமையாளருக்குக் கடிதம் எழுதினோம். லோனிலிருந்து மூன்று இலட்சத்தை நேரே நடைமுறைக் கணக்குக்கு மாற்றும்படியும், அதே நாளில் ஓ.டி. எல்லையை ஐந்து இலட்சத்திலிருந்து ஒன்றே முக்கால் இலட்சமாகக் குறைக்கும்படியும், குறைத்ததை எழுத்தில் உறுதிப்படுத்தும்படியும். வாயால் சொல்லிவிட்டு வரவேண்டாம், கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். இவர் முதலில் சம்மதிக்கவில்லை. எல்லை குறைந்தால் எழுதிக் கொடுத்த செக்குகள் திரும்பிவிடும் என்ற பயம், அது நியாயமான பயம், இங்கே காசில்லாத செக் எழுதுவது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின்படி குற்றமாகவும் வரலாம். அதனால் வெளியில் நின்ற எல்லாச் செக்குகளையும் திகதி வாரியாக எழுதினோம், அடுத்த இரண்டு மாதத்துக்கு எவை எப்போது விழும் என்று பார்த்துத்தான் ஒன்றே முக்கால் என்ற இலக்கத்துக்கு வந்தோம். கடனட்டையை வெட்டவில்லை, எல்லையை இருபத்தையாயிரமாகக் குறைத்தோம். ஐந்து வட்டிக்காரரிடம் காசைக் கொடுத்த அன்றே அவரிடம் இருந்த எங்கள் வெற்றுச் செக்கைத் திரும்ப வாங்கினோம். இதை மறந்துவிடாதீர்கள், காசு கொடுத்துவிட்டுச் செக்கை விட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

வட்டி வீதத்தைக் கேட்கும்போது இன்னொரு பொறி. ஒரு இடத்தில் 16 என்பார்கள், இன்னொரு இடத்தில் 12 என்பார்கள். 12 மலிவு என்று ஓடக்கூடாது. அந்த 12 பிளாட் ரேட் என்றால், ஐந்தரை இலட்சத்துக்கு மூன்று வருடம் முழுவதும் முழுத் தொகைக்கும் 12 வீதம், வட்டி மட்டும் 1,98,000, தவணை 20,778. குறைந்து செல்லும் மீதியில் இது ஏறத்தாழ 21 வீதத்துக்குச் சமன். வீதத்தை விட்டுவிடுங்கள், மாதத் தவணை எவ்வளவு, எத்தனை மாதம் என்ற இரண்டை மட்டும் கேட்டுப் பெருக்குங்கள், எது மலிவு என்று பெருக்கல் சொல்லும். அதோடு செயலாக்கக் கட்டணம், காப்புறுதி, முன்கூட்டி முடித்தால் எடுக்கும் கட்டணம் மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பிக்க முன் உங்கள் கிறிப் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். கிறிப் என்பது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம், அது 1990 இலிருந்து இயங்குகிறது, வங்கியிலும் நிதி நிறுவனத்திலும் நீங்கள் எடுத்த கடன்கள், தவறிய தவணைகள் எல்லாம் அதில் இருக்கும். மற்றவர்களுக்குப் பிணை நின்றதும் இருக்கும். என் அறிக்கையில் எப்போதோ ஒரு சக ஆசிரியருக்குப் பிணை வைத்த லோன் இருந்தது, நான் அதை மறந்தே போயிருந்தேன். ஆனால் சீட்டும் கைமாற்றும் ஐந்து வட்டியும் கிறிப்பில் தெரியாது. வங்கி உங்கள் கடனில் பாதியைத்தான் பார்க்கிறது, உங்களால் கட்ட முடியும் என்று அது சொல்வது அந்தப் பாதியை வைத்துத்தான். மற்றப் பாதியை நீங்கள்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

எனக்கு இதில் ஆகக் கனமாக இருப்பது பிணை. ஓ.டி. இவருடைய பெயரில், கடையோடு ஒட்டியிருந்தது. கடை மூடினாலும் அந்தக் கடன் இவருடைய கடன். லோன் என் பெயரில், என் சம்பளத்தில், இரண்டு ஆசிரியைகளின் கையெழுத்தில் நிற்கிறது. அதாவது கடன் குறையவில்லை, கடைக்காரரின் தோளிலிருந்து சம்பளக்காரியின் தோளுக்கும், அங்கிருந்து அவளுடைய இரண்டு தோழிகளின் தோளுக்கும் நகர்ந்திருக்கிறது. நான் தவணை தவறினால் அவர்களுடைய கிறிப்பிலும் அது ஏறும், அவர்கள் வீடு கட்ட லோன் கேட்கும்போது என்னுடைய ஐந்தரை இலட்சம் அவர்களுக்குக் குறுக்கே நிற்கும். அதில் ஒருத்தி “நீங்கள் கட்டுவியள்தானே அக்கா” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தாள், பத்திரத்தை வாசிக்கக்கூட இல்லை. நான் அவளை இருத்தி, எவ்வளவு தொகை, எத்தனை வருடம், எதற்கு எடுக்கிறேன், நான் இல்லாமல் போனால் காப்புறுதி எதை மூடும் எதை மூடாது என்று முழுவதையும் சொன்னேன். பிணை கேட்பவர் இதைச் சொல்லத்தான் வேண்டும், ஒரு ஸ்டாஃப் ரூமில் இருபது வருடம் ஒன்றாக இருக்கப் போகிறவர்கள்.

கணவரின் கடனை மனைவி தன் பெயரில் எடுப்பது எங்கள் ஊரில் கேள்வி இல்லாமல் நடக்கிறது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். எடுக்குமுன் கடைக் கணக்குகளை முழுவதுமாகப் பார்க்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, செக் புத்தகத்தின் அடிக்கட்டை, கடன் கொடுக்கவேண்டிய ஆட்கள், வாங்கவேண்டிய ஆட்கள், எல்லாம். கடை மாதாமாதம் நட்டத்தில் ஓடினால் லோன் எதையும் தீர்க்காது, அடிச்சேறு மறுபடி சேரும், இந்த முறை உங்கள் சம்பளமும் அதில் போகும். எங்கள் கடையில் இரண்டாவது போட்டோகொப்பி மெஷின் வாடகைச் செலவைக்கூடத் தரவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதை விற்ற பிறகுதான் லோன் விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தேன்.

வங்கி லோன் தர மறுத்தால், இதே அடிச்சேற்றை அதே வங்கியிலேயே தவணைக் கடனாக மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்கலாம், வங்கிக்கும் அது வராக் கடனைவிட நல்லது. பதில் சரியாகக் கிடைக்கவில்லை, கட்டணங்களை விளக்கவில்லை என்றால் முதலில் வங்கிக்கே எழுத்தில் முறையிட்டு, பிறகு மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம், தமிழிலேயே கதைக்கலாம்.

எங்கள் லோன் 2028 இல் முடியும். ஓ.டி. இப்போது வருடத்தில் சில நாட்கள் பூச்சியத்தைத் தாண்டி நேர்ப்பக்கம் வருகிறது, பாடசாலை தொடங்கும் காலத்தில் மட்டும் கீழே போகிறது. கடைசித் தவணை கட்டிய அன்று வங்கியிடம் கேட்கவேண்டிய கடிதங்களை இப்போதே டயரியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: கடன் முடிந்ததற்கு ஒன்று, பிணை நின்ற இரண்டு பேரும் விடுவிக்கப்பட்டதற்கு ஆளுக்கு ஒன்று. கொஞ்ச நாள் கழித்து மூன்று பேருடைய கிறிப் அறிக்கையும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறேன், அந்தச் செலவு என்னுடையது.